குசினிக் கதவால் வந்த அணி

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து, மழைக்குப் பயந்து ஓடும் எறும்புகள் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது எனக்கு இன்றைக்கும் குத்துமதிப்புத்தான். இந்தப் பத்தியை டைப் பண்ணித் தரும் தங்கச்சி பிழைகளைத் திருத்திவிடுவாள். கோபத்தை மட்டும் திருத்தவேண்டாம் என்று இந்த முறை அவளிடம் கேட்டிருக்கிறேன்.

வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும், நான் நாலு பேர் நடுவில் வாய் திறக்காத ஆள். கூட்டத்தில் என் முறை வருகிறது என்று தெரிந்தாலே தேத்தண்ணி ஊற்ற எழுந்து போய்விடுவேன். அங்கே சொல்லாததைத்தான் இங்கே வந்து எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை, வேலை இடைவேளையில் போனைத் திறந்தேன். எங்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அழைப்பிதழ். மேலே தலைவரின் படம், பெரிதாக. கீழே ஒரு ரக்பி அணியின் படம், தபால் முத்திரை அளவில். நடுவில் பொன்னிற எழுத்தில் – 'நம் சங்கம் வளர்த்தெடுத்த மாவோரி மகளிர் அணியின் சர்வதேச வெற்றிக்குப் பாராட்டு விழா.'

வளர்த்தெடுத்த...

எந்தச் சங்கம் என்று கேட்காதீர்கள். சிட்னியில் தெருவுக்கு ஒரு தமிழ்ச் சங்கம் இருக்கிறது. உங்களுடையது என்றே வைத்துக்கொள்ளுங்கள், பெரிய பிழை வராது. எப்படி வளர்த்தெடுத்தோம் என்று மட்டும் சொல்கிறேன்.

நான் லிட்கமில் ஒரு லோண்ட்ரியில் வேலை செய்கிறேன். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வரும். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எனக்கு எதிரே மறுநுனியைப் பிடிப்பவர் மெரே. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களில் ஒருவர், என்னைவிட மூத்தவர். லோண்ட்ரியில் எல்லோருக்கும் அவர் அன்ரி. அவர்களுடைய ஊரிலும் மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். விரிப்பு மடிக்கும்போது எதிரே நிற்கும் ஆளின் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும். அதனால்தான் கூச்சக்காரனான நானும் அவரோடு பேசப் பழகினேன்.

மெரேக்கு இன்னொரு வேலையும் உண்டு, சம்பளம் இல்லாதது. நியூசிலாந்தில் இருக்கும் ஒரு மாவோரிப் பெண்கள் அணி இங்கே விளையாட வரும்போதெல்லாம் அவர்தான் மேனேஜர். அவர்தான் வான் வண்டி ஓட்டுவார், சமைப்பார், காயத்துக்குக் கட்டுப் போடுவார். அணித்தலைவி அரோஹா அவருடைய தங்கை மகள். எல்லோரும் வேலைக்குப் போகிற பிள்ளைகள். அரோஹா முதியோர் இல்லத்தில், இன்னொருத்தி கோழிப் பண்ணையில், வேறொருத்தி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். வேலை முடிந்த பிறகு பயிற்சி. சந்தையில் ரொட்டி சுட்டு விற்றுத்தான் விமானச் சீட்டு.

அவர்கள் விளையாடுவது செவன்ஸ் என்ற ரக்பி. பக்கத்துக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிடம். பதினான்கு நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். அதாவது, எங்கள் தலைவர் மேடையில் 'வணக்கம்' சொல்லி முடிக்கும் நேரம்.

இந்த வருடம் சிட்னியில் ஒரு சர்வதேசப் போட்டி. வெல்லும் அணிக்கு ஐரோப்பாவில் நடக்கும் அடுத்த போட்டிக்கு டிக்கெட் கிடைக்கும். தோற்றால் வீடு. அரோஹாவின் முழங்கால் இன்னொரு வருடம் தாங்காது என்று மெரே விரிப்பின் மறுநுனியிலிருந்து சொன்னார். கடைசித் தடவை.

சிட்னி வந்து சேரக் காசு இருந்தது. தங்க இல்லை. மெரேயின் வீடு ஓர் அறை யூனிட். எனக்கு எங்கள் சங்கத்து மண்டபம் ஞாபகம் வந்தது. இரவில் சும்மா பூட்டித்தானே கிடக்கிறது? மெத்தை அவர்களிடம் உண்டு. எல்லோரும் ஒரே கூடத்தில் வரிசையாகப் படுப்பதுதான் அவர்கள் வழக்கம். இரண்டு இரவு தரை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

ஹெலன்ஸ்பர்க் கோவிலில், பிரசாத வரிசையில் தலைவர் எனக்கு முன்னால் நின்றார். முதுகைப் பார்த்துப் பேசுவது எனக்குச் சுலபம். கேட்டுவிட்டேன். 'மாவோரி' என்ற சொல்லைக் கேட்டதும் திரும்பினார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். கவுன்சில் கொடுக்கும் பல்கலாசார கிராண்ட் காசை அவர் என் நெற்றியிலேயே கண்டுவிட்டார்.

"மண்டபம் என்ன தம்பி, ஒரு வரவேற்பு விழாவே வைப்பம். படம் மட்டும் நல்லா வரவேணும்."

வெள்ளிக்கிழமை மாலை விழா. மறுநாள் காலை முதல் ஆட்டம்.

முன்வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு, பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம். தட்டுகளோடு பட்டுச்சேலைப் பெண்கள். வாடகைக்குப் பிடித்த படப்பிடிப்பாளர். அணியின் வான் சொன்ன நேரத்துக்கு வந்தது. எங்கள் மண்டபத்துக்கு அது புதுமை. பிள்ளைகள் இறங்கினார்கள், மெரேயைச் சுற்றிக் கூட்டமாகக் கார்பார்க்கின் வெளிக் கேற்றடியில் நின்றார்கள். நின்றார்கள்... நின்றுகொண்டே இருந்தார்கள். தூறல் வேறு.

உள்ளே எங்கள் ஆட்களுக்குப் பொறுமை போய்விட்டது. ஏன் அங்கேயே நிற்கிறார்கள், வாசல் தெரியவில்லையா, பழக்கவழக்கம் தெரியாத சனமா என்று ஆளுக்கு ஒன்று. செயலாளர் ஒருவேளை வெட்கமாக்கும் என்றார். யாராவது போய்க் கூப்பிடலாமே? போகலாம். ஆனால் தலைவர் வாசல்படி தாண்டினால் மரியாதை போய்விடும். தலைவர் தாண்டாத படியை மற்றவர்கள் எப்படித் தாண்டுவது? எல்லோரும் உள்ளே நின்று ரோல்ஸ் கடித்துக்கொண்டே வெளியே நிற்பவர்களுக்குப் பழக்கவழக்கம் இல்லை என்றார்கள்.

மெரே பிறகு சொல்லித்தான் விஷயம் எனக்கு விளங்கியது. கடைக்கோ கலியாணத்துக்கோ போனால் அவர்களும் எங்களைப் போலத்தான், நேரே உள்ளே போவார்கள். ஆனால் வரவேற்பு என்று எழுதி அழைத்தால் அது பெரிய காரியம். வந்தவர்கள் கேற்றடியில் நிற்கவேண்டும். வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரலெடுத்துக் கூப்பிடவேண்டும். வந்தவர்களில் ஒரு பெண் பதில் குரல் கொடுப்பாள். பிறகுதான் கால் நகரும். கூப்பிடாத வீட்டுக்குள் போவது அவர்களுக்குப் பெரிய அவமரியாதை. அதனால்தான் எங்களுக்கு மரியாதை கொடுத்துக்கொண்டு மழையில் நின்றிருக்கிறார்கள்.

எங்கள் வாசலிலும் பெண்கள் நின்றார்கள்தானே? நின்றார்கள். தட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொல்லி நிறுத்தியிருந்தோம். குரல் கொடுக்கும் வேலை முழுவதையும் தலைவர் மைக்கோடு எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் சனம் உட்காரக் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் என் கண்ணுக்குத் தெரிந்தது. வாய்தான் வரவில்லை. குசினிக்குள் போய் என் மனைவி பரமேசிடம், அந்தப் பிள்ளைகள் உள்ளே வராமல் நனைகிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

பரமேஸ் மத்தியானத்திலிருந்து அடுப்படியில் நின்றவள். அகப்பையும் கையுமாகப் போய்க் குசினியின் பின்கதவைத் திறந்தாள். அது நேரே கார்பார்க்கைப் பார்க்கும். அவளுடைய குரலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நான் ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டால் அது எங்கள் மேல்மாடிக்காரருக்கும் தெரிந்துவிடும். அந்தக் குரலில் கூப்பிட்டாள்.

"இஞ்ச பிள்ளையள், ஏன் குளிருக்க நிக்கிறியள்? வாங்கோ... சோறு ஆறுது, எல்லாரும் உள்ள வாங்கோ."

மெரே தலையை நிமிர்த்தினார். பிறகு அவரிடமிருந்து ஒரு குரல் வந்தது... பாட்டு என்று சொல்ல முடியாது, அழுகை என்றும் சொல்ல முடியாது, நீளமாக மழைக்குள்ளால் வந்தது. எத்தனை வருடம் அவருக்கு எதிரே நின்று விரிப்பு மடித்திருக்கிறேன், அவருக்குள் இப்படி ஒரு குரல் இருந்தது எனக்குத் தெரியாது. பரமேஸ் அகப்பையைக் கீழே நழுவவிடப் பார்த்தாள். ஆனால் குரலில் தோற்கிற ஆள் இல்லையே அவள். "ஓம், ஓம், வாங்கோ, வாங்கோ" என்று திரும்பவும் கொடுத்தாள்.

அவர்கள் மெதுவாக, ஒரே கூட்டமாக நடந்து வந்தார்கள். குசினிக் கதவடியில் சப்பாத்துகளைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒவ்வொருத்தியும் குனிந்து பரமேசின் நெற்றியிலும் மூக்கிலும் தங்கள் நெற்றியையும் மூக்கையும் மெல்ல ஒற்றினாள். கையெல்லாம் கறி பிரண்டபடி, கண்ணை மூடுவதா திறப்பதா என்று தெரியாமல் நின்றாள் என் மனைவி.

பிறகு சாப்பிட்டார்கள். தக்காளிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு, அரிசிச் சாக்கில் சாய்ந்து, கோழிக்கறியும் பருப்பும் பொரித்த கத்தரிக்காயும். கூப்பிட்டு, வந்து, சாப்பிட்டால்தான் வரவேற்பு முழுமை என்பது அவர்களுடைய முறை. எங்கள் விழாக்களில் சாப்பாடு வேறு மாதிரி. சனம் இடையில் எழும்பிப் போகாமல் கட்டிவைக்கும் கயிறு அது. பேச்சு முடியும்வரை அவிழ்க்கமாட்டோம்.

முன்வாசலில் காத்திருந்த தலைவருக்குச் சேதி போய், குசினிக்கு வந்தார். அவர் அங்கே வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எல்லோரும் வெளியே போய், சுற்றிக்கொண்டு, முன்கதவால் திரும்ப ஒருமுறை வந்தால் நல்லது என்று ஆங்கிலத்தில் மிகவும் மரியாதையாகக் கேட்டார். படப்பிடிப்பாளர் நிற்கிறார், பன்னீர் தெளிக்கவேண்டும்.

மெரே தட்டைக் கீழே வைத்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். "எங்களைக் கூப்பிட்டார்கள், வந்துவிட்டோம். வந்த வீட்டுக்கு எப்படித் திரும்ப வருவது?"

தலைவர் சிரித்தார். பல் மட்டும் சிரித்தது.

பிறகு பேச்சுகள். தலைவர் பேசினார், செயலாளர் பேசினார், பொருளாளர் பேசப்போவதில்லை என்று சொல்லி அதைப் பேசினார். காலையில் விளையாடவேண்டிய பிள்ளைகள் முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி இருந்தார்கள். அவர்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. ஒருவர் பேசி முடித்ததும் அவருடைய ஆட்கள் எழுந்து அவருக்காக ஒரு பாட்டுப் பாடவேண்டும். பாடினால்தான் பேசியது செல்லும். தலைவர் முடித்தார். பிள்ளைகள் எங்கள் சனத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் எழும்பவில்லை. மனிதர் தனியாக நிற்கிறாரே என்று இரக்கப்பட்டு மெரே கண் காட்ட, அந்தப் பிள்ளைகளே எழுந்து அவருக்காகப் பாடினார்கள். அருமையான பாட்டு. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலைவர் மறுபடியும் பேசத் தொடங்கினார்.

யோசித்துப் பாருங்கள். இந்த வழக்கத்தை எங்கள் சங்கங்களுக்கும் கொண்டு வந்தால்? பேசியவருக்காக எழுந்து பாட நாலு பேர் இல்லையென்றால் அடுத்த முறை மைக் கிடையாது. சிட்னியில் எத்தனை மண்டபங்கள் நிம்மதியாக மூச்சுவிடும்!

கடைசியில் மெரேக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். கேமரா மின்னிய நேரம் அவர் கண்ணை மூடிவிட்டார்.

சனம் போனபின் பிள்ளைகள் வான் வண்டியிலிருந்து மெத்தைகளை இறக்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் செயலாளர் என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப் போனார். இன்சூரன்ஸ் பிரச்சினையாம். இரவில் ஆட்கள் தங்க முடியாதாம். தலைவர் சொல்லிவிட்டாராம். தலைவரின் கார் அதற்குள் போய்விட்டிருந்தது. கோவில் வரிசையில் நான் கேட்டபோது இல்லாத இன்சூரன்ஸ், படம் சரியாக வராத பிறகு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டிருக்கவேண்டும். வழக்கம்போல நிலத்தைப் பார்த்தேன். குசினிக் கதவடியில் அந்தச் சப்பாத்துகளின் வரிசை தெரிந்தது.

பரமேஸ் சட்டி கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நீங்கள் மண்டபத்தைப் பூட்டுங்கோ, அண்ணை. நான் கூப்பிட்ட பிள்ளையள். நான் கூட்டிக்கொண்டு போறன்."

பாதிப்பேர் மெரேயின் யூனிட்டுக்கு, பாதிப்பேர் எங்களுடையதுக்கு. எங்கள் வீட்டில் சாமித்தட்டிலிருந்து குளியலறைக் கதவுவரை மெத்தை. நான் குசினி மேசைக்குக் கீழே படுத்தேன். காலையில் பரமேஸ் புட்டு அவித்தாள். அரோஹா குழலிலிருந்து புட்டு வழுக்கி வருவதை ஒவ்வொரு முறையும் குனிந்து பார்த்தாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. வீங்கியிருக்கிறதா என்று பரமேஸ் கையால் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள். பொய்.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு நாங்களும் போனோம். எதிரணி தங்கள் முகம் வரைந்த பஸ்ஸில் வந்திருந்தது. அவர்களுக்கு உடம்பு பிடித்துவிட ஓர் ஆள், தண்ணீர் கொடுக்க ஓர் ஆள், அந்த ஆட்களைப் பார்த்துக்கொள்ள இன்னோர் ஆள். எங்கள் பக்கத்தில் – ஆமாம், எங்கள் பக்கம் என்றுதான் வாயில் வந்தது – மெரேயும் ஒரு ஐஸ் பெட்டியும்.

பாதி ஆட்டத்தில் பின்தங்கியிருந்தோம். அரோஹா நொண்டிக்கொண்டு வந்து புல்லில் விழுந்தாள். கட்டுப் போடும் துணி முதல்நாளே தீர்ந்துவிட்டதாம். மெரே பைக்குள் கையை விட்டுத் துழாவினார். வெளியே வந்தது எங்கள் சங்கத்துப் பொன்னாடை. ஜரிகைக் கரையோடு ஐஸைச் சுற்றி முழங்காலில் இறுக்கிக் கட்டினார். எத்தனையோ தோள்களில் எங்கள் சங்கம் பொன்னாடை போர்த்தியிருக்கிறது. அதில் ஏதாவது ஒரு வேலைக்கு உதவியது இது ஒன்றுதான்.

விசில் ஊதியதும் அதை அவிழ்த்து எறிந்துவிட்டு எழுந்து போனாள். விளையாட்டின் சட்டதிட்டம் எனக்கு இன்றுவரை விளங்காது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும், மற்றவர்கள் விழுத்தப் பார்ப்பார்கள் என்ற அளவில்தான் தெரியும். ஆனால் கடைசி நேரத்தில் அரோஹா பந்தோடு ஓடியதும், இரண்டு பேர் அவள் காலைக் கட்டிப் பிடித்ததும், விழுந்துகொண்டே பந்தை அந்த பஸ் ஓட்டும் பிள்ளையிடம் எறிந்ததும், அவள் மூலையில் போய்க் கோட்டுக்கு அப்பால் விழுந்ததும் விளங்கியது. வென்றுவிட்டார்கள். பரமேஸ் எழுந்து கத்திய கத்தில் முன்வரிசைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. நான் தலையைக் குனியவில்லை. அது எனக்கே ஆச்சரியம்.

டிக்கெட் கிடைத்தது. விளையாடுகிறவர்களுக்கு மட்டும். சமைக்கிற, வான் ஓட்டுகிற, கட்டுப் போடுகிற அன்ரிக்கு இல்லை. விளையாட்டை நடத்தும் கோட் சூட்காரர்கள் எல்லா நாட்டிலும் எங்கள் தலைவருக்குச் சொந்தக்காரர்கள்தான் போலிருக்கிறது. பிள்ளைகள் போனார்கள். மெரே திங்கட்கிழமை விரிப்பின் மறுநுனியைப் பிடிக்க வந்தார்.

எங்கள் சங்கத்துக்கு கிராண்டும் கிடைத்துவிட்டது. தலைவருக்காக அந்தப் பிள்ளைகள் இரக்கப்பட்டுப் பாடிய படத்தைத்தான் அனுப்பியிருந்தார்களாம். மேடைக்குப் புதுத் திரை வாங்கப் போகிறார்கள்.

இனி அழைப்பிதழுக்கு வருகிறேன். அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. அணி வெளிநாட்டில் இருப்பதால், அவர்கள் சார்பில் பொன்னாடையைத் தலைவரே ஏற்றுக்கொள்வார்.

தலைவர் தலைவருக்கு.

மெரேக்கும் செயலாளர் மெசேஜ் அனுப்பியிருந்தார். முன்வரிசையில் இடம் இருக்கிறது, தயவுசெய்து முன்வாசலால் வரவும். விரிப்பை மடித்தபடி அவர் என்னிடம் கேட்டார், யார் கூப்பிடுவது என்று. தலைவர் என்றேன். பரமேஸ்? அவள் போகவில்லை என்றேன். சமைத்துத் தரக் கேட்டார்கள், முடியாது என்றுவிட்டாள்.

மெரே விரிப்பின் தன் நுனியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"அப்படியென்றால் நான் இன்னும் கார்பார்க்கில்தான் நிற்கிறேன்."

இதை எழுதவேண்டும் என்று செவ்வாய்க்கிழமையிலிருந்து நினைத்து இப்போதுதான் முடிந்தது. இன்றுதான் அந்த விழா. இன்றுதான் ஐரோப்பாவில் அரோஹாவின் முதல் ஆட்டமும். எங்கள் வீட்டு டிவியில் பார்ப்பதாகப் பேச்சு. மெரே வந்து கீழே கேற்றடியில் நிற்கிறார், பெல் அடிக்காமல். பரமேஸ் பால்கனிக்குப் போய்விட்டாள். மேல்மாடிக்காரர் மன்னிப்பாராக.

எழுதி முடித்தது: ஜூன் மாதம், இரண்டாவது சனிக்கிழமை, மாலை ஆறு மணி. விழாவும் ஆறு மணிக்குத்தான். அதனால் தொடங்க இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருக்கும்.